மச்சானின் தாழியும் என் வீட்டு ஹேர் டிரையரும்

மச்சான்,

இன்று காலை பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாள் என்னைப் பார்க்கக்கூடாத கோலத்தில் பார்த்துவிட்டார். காலுக்குக் கம்பளி பேண்ட், அதற்கு மேல் லுங்கி, உடம்பில் நீங்கள் வேண்டாம் என்று கழித்துக் கொடுத்த ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லா, கையில் உங்கள் தங்கையின் ஹேர் டிரையர். சமையலறைக் கதவிடுக்கு வழியாக ஒயரை இழுத்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்தளத்தில் முட்டி போட்டு, உங்கள் மண் அடுப்பின் இடுப்பைச் சுற்றிச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன். நாயை நடத்திப் போக வந்த அந்த அம்மாள் வேலியோரம் நின்றார். நாயும் நின்றது.

"எவ்ரிதிங் ஓகே?"

"யெஸ் யெஸ். ஜஸ்ட் டிரையிங் தி ஹேர்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அடுப்புக்கு ஏது முடி? குல்லாவைக் கழற்றினால் எனக்குத்தான் ஏது முடி? அவர் என் தலையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், "ஹேவ் எ குட் ஒன்" என்று நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. இன்னும் என்னை முட்டி போட வைக்கிறீர்கள். திருப்திதானே?

மூடி திறக்கவில்லை, அதுதான் விஷயம். போன ஞாயிறு கோழி சுட்டேன். அந்த ஆவி மூடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும் கம்பளி நாடாவில் இறங்கி, பனியில் உறைந்து, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் புதுமணத் தம்பதி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டன. மற்ற நாளாக இருந்தால் ரெண்டு நாள் வெயில் வரட்டும் என்று விட்டிருப்பேன். இன்று உங்களுக்கு வருடப் படையல். "அண்ணனுக்கு அந்த அடுப்புல வாட்டின தொடைக்கறிதானுங்க புடிக்கும், அதைத்தான் வெக்கணும்" என்று உங்கள் தங்கை நேற்றே சொல்லிவிட்டாள். நான் ஓவனில் வைத்து எடுத்துவிடலாமே, அவருக்கா தெரியப்போகிறது என்றேன். அவள் பார்த்த பார்வையில் ஓவனே பற்றிக்கொண்டிருக்கும்.

ஆகையால், மச்சான், உங்களை நினைத்து உருகி இதை எழுதவில்லை. முட்டி வலிக்கிறது, விரல் விறைக்கிறது, அந்தக் கோபத்தில் எழுதுகிறேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். அப்படி என்றால் இந்தக் கடிதம் ஹேர் டிரையரோடு முடிந்துவிடும்.

உங்கள் அடுப்பை முதன்முதலில் பார்த்த நாள் ஞாபகம் இருக்கிறது. நான் அமெரிக்கா வந்து இறங்கிய புதிது. நியூஜெர்சி எடிசனில் உங்கள் வீட்டுப் பின்பக்கத்தில், வயிறு புடைத்த செம்பழுப்பு நிறத்தில், மூன்று கால் இரும்புத் தாங்கியில் அது உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் எனக்கு மறக்காமல் இருக்கும் ஒரே படம் முதுமக்கள் தாழி. அது மாதிரியே இருந்தது.

"மச்சான், இதுல யாரைங்க பொதைக்கறது?" என்று கேட்டேன்.

வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. "இது செராமிக்குங்க மாப்ள. உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றீர்கள். அன்றைக்கு ஆரம்பித்தது.

அன்றைக்கா? இல்லை, அதற்கும் முன்பே. உங்கள் அப்பா என் அம்மாவின் அண்ணன். முறை என்று ஒன்று இருந்ததால் எம்.எஸ்ஸி. படித்த உங்கள் தங்கை பத்தாவதோடு நின்ற எனக்கு வாழ்க்கைப்பட்டாள். நீங்கள் இங்கிருந்து போன் போட்டு, "பையன் நல்ல பையன்தானுங்கப்பா, ஆனா அங்க வந்து என்ன பண்ணுவாரு?" என்று கேட்டீர்களாம். நியாயமான கேள்விதான். நானும் விமானத்தில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் மருந்துக் கம்பெனியில் பரிசோதனை வேலை பார்த்தாள். நான் ஒரு குடோனில் லாரிக்குப் பெட்டி ஏற்றினேன். உங்கள் நண்பர்களிடம் என்னை, "மை பிரதர் இன் லா. ஹி ஈஸ் இன் லாஜிஸ்டிக்ஸ்" என்று அறிமுகப்படுத்துவீர்கள். பெட்டி தூக்குவதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று உங்களால்தான் தெரிந்தது. பெருமைக்காக நீங்கள் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

நமக்குள் ஒரு நாளும் குரல் உயர்ந்ததில்லை. நம் பக்கத்து வழக்கம் அப்படி. வெட்டிக்கொண்டாலும் 'ங்க' போட்டுத்தான் வெட்டிக்கொள்வோம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்ள, நீங்க தொட்டா ஒடஞ்சிரும்" என்பீர்கள். "சரிங்க மச்சான், உங்க மனசு மாதிரிங்களா?" என்பேன். பார்ப்பவர்களுக்கு ஏதோ அன்பாகப் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும்.

அடுப்பைப் பற்றி நீங்கள் எடுத்த பாடம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஊற்றிப் பற்றவைக்கும் எண்ணெய் ஆகாது, மண் அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் எடுத்த எடுப்பில் பெருநெருப்பு ஆகாது. ஓரத்தில் கொஞ்சமாகப் பற்றவைத்து, அடியில் இருக்கும் கதவை விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, மண்ணுக்குச் சூடு பழகும்வரை காத்திருக்க வேண்டும். மூடியை ஒரேயடியாகத் தூக்கக்கூடாது. முதலில் லேசாகத் தூக்கி, உள்ளே காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் நெருப்புக்கு ஒரு மூச்சு கொடுக்க வேண்டும். இந்தப் பாடத்தை நீங்கள் நடத்துவதற்கு முன்பே ஒருமுறை நான் மூடியைத் தூக்கிவிட்டேன். மீசையில் பாதி போயிற்று. மிச்சப் பாதியை நானே எடுத்துவிட்டேன். ஒரு மாதம் உங்கள் தங்கை என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

எல்லாப் பாடத்துக்கும் கடைசியில் ஒன்று சொல்வீர்கள். "தண்ணி மட்டும் ஆகவே ஆகாதுங்க மாப்ள. மண்ணு தண்ணியக் குடிக்கும். குடிச்ச தண்ணி ஒறைஞ்சா வெடிக்கும்."

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சொன்னது நீங்கள்.

பாப்பாவுக்கு மூன்று வயது நடந்தபோது காது குத்த வேண்டும் என்று ஊரிலிருந்து என் அம்மா போன் மேல் போன் போட்டாள். ஊருக்குப் போக வழியில்லை. கிரீன் கார்டு பேப்பர் எல்லாம் பாதியில் நின்றது. சரி, இங்கேயே, தை மாதத்தில் என்று முடிவானது. எங்கள் அபார்ட்மென்ட்டில் பால்கனியில் ஊதுபத்தி கொளுத்தினாலே நிர்வாகத்திலிருந்து கடிதம் வரும். "எங்க வீட்டுல வெச்சுக்கலாம். தாய்மாமன் நானு, என்ற மடியில உக்காத்தித்தானே குத்தோணும்?" என்றீர்கள். உங்களுக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் பேசவில்லை. நானும் சரி என்றேன்.

அடுத்து கெடா. எங்கள் வீட்டு வழக்கத்தில் காது குத்தினால் கருப்பணசாமிக்கு ஒரு கெடா. உங்கள் நண்பர்கள் பத்துப் பேர் இருந்த கூடத்தில், வெட்டும் முன்பு என்ன செய்வோம் என்று நான் விளக்கினேன். ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். தெளித்துவிட்டுக் காத்திருப்போம். அது தலையிலிருந்து வால்வரை உடம்பைக் குலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். குலுக்காவிட்டால் மறுபடி தெளிப்போம், வேண்டிக்கொள்வோம். எங்கள் அப்பா ஒருமுறை மத்தியானம்வரை நின்றிருக்கிறார்.

"பச்சைத் தண்ணிய ஊத்துனா நானுந்தாங்க குலுக்குவேன்" என்றீர்கள். கூடம் சிரித்தது. அது போதாமல், "அது கெடக்கட்டும் மாப்ள, உங்க கருப்பணன் நியூஜெர்சி வரோணும்னா விசா யாருங்க குடுப்பா? ஹெச் ஒன்னா, விசிட்டரா?" என்று கேட்டீர்கள். ஒருவர் சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து நழுவிவிட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? நான் சிரித்ததை உங்கள் தங்கை பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஆட்டை வெட்டினால் போலீஸ் வரும், முழுத் தொடையாக வாங்கி உங்கள் கிரில்லில், அதாவது இந்தத் தாழியில், வாட்டிவிடலாம், கறி கறிதானே என்று நீங்களே தீர்ப்பும் சொன்னீர்கள்.

விசேஷத்துக்கு முந்தின நாள் மாலை, பெரிய பாத்திரங்களை உங்கள் வீட்டில் இறக்கிவைக்க வந்தேன். மூக்கு மயிர் உறைகிற குளிர். நீங்கள் தாழிக்குள் கரியை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கைகள் இரண்டும் ஜாக்கெட் பைக்குள்தான் இருந்தன. தண்ணீர் பாடத்தை மறுபடி ஒருமுறை நடத்தினீர்கள். கேட்டுவிட்டுக் கிளம்பினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை மூடி திறக்கவில்லை.

நீங்கள் ஒரு கையால் இழுத்தீர்கள். இரண்டு கையால் இழுத்தீர்கள். மூடி வரவில்லை, மூன்று கால் தாங்கியோடு மொத்தத் தாழியும் மேலே வந்தது. விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆண்கள் எல்லாம் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்து சுற்றி நின்றார்கள். ஆளுக்கொரு யோசனை.

"சார், ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

"சுத்தியல் இருக்கா? லைட்டா ஒரு தட்டு?"

"அய்யோ, தட்டினா ரெண்டாப் போயிடும் சார்!"

"கஸ்டமர் சப்போர்ட்டுக்குப் போடுங்க. சாட்டர்டே எடுப்பானா?"

நீங்கள் நிமிர்ந்தீர்கள். முகம் சிவந்திருந்தது. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தீர்கள்.

"மாப்ள, நேத்துக் கடைசியா இங்க நின்னது நீங்கதானுங்களே? தண்ணி கிண்ணி ஊத்திக் கழுவுனீங்களா?"

"இல்லீங்க மச்சான். நான் தொடவே இல்லீங்க."

"ஊர்ல பொங்கலுக்கு அடுப்புக் கழுவற ஞாபகத்துல கழுவியிருப்பீங்க. தண்ணி ஒறைஞ்சா என்ன ஆகும்னு பத்தாவதுக்கு மேலதான சொல்லித்தருவாங்க. உங்க மேல தப்பில்லீங்க."

சிரிப்பு. இந்தமுறை பெரிய சிரிப்பு. கண்ணாடிக் கதவுக்குள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்கள் தங்கை நின்றிருந்தாள். அவள் கதவை ஒரு சாண் திறந்து, "ஏனுங்க, நெசமாவா?" என்று என்னைக் கேட்டாள்.

நீங்கள் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், மச்சான். எனக்கு அது பழக்கம். அவளைக் கேட்க வைத்தீர்களே, அதை இன்றுவரை பொறுக்கவில்லை. அந்த வீட்டில், அந்த ஊரில், அந்த நாட்டில் நான் சொன்னால் நம்பும் ஒரே ஆள் அவள். அவளும் ஒரு கணம் உங்கள் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள்.

என்ன ஆயிற்று என்று பார்க்கக் குனிந்தேன். மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் மெல்லிய கோடாகப் பனிக்கட்டி. பனி வெள்ளையாக இருக்க வேண்டும். இது மஞ்சளாக இருந்தது. முதலில் ஏதோ நாய் வந்து அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். அந்த உயரத்துக்கு எந்த நாய் காலைத் தூக்கும்? மூடியின் உச்சியைப் பார்த்தேன். அங்கேயும் மஞ்சளாக நாலைந்து துளி, தெளித்த மாதிரி, உறைந்துபோய். வழிந்த தண்ணீர் நாடாவில் இறங்கியிருக்கிறது.

மரத்தளத்தின் கைப்பிடிக் கட்டையில், கரி மூட்டைக்குப் பின்னால், ஒரு சின்ன சில்வர் டம்ளர். அடியில் உறைந்த மஞ்சள் தண்ணீர்.

நிமிர்ந்து உங்கள் கையைப் பார்த்தேன். மூன்று விரல் நுனியிலும் மஞ்சள். கறிக்கு மசாலா தடவியது உங்கள் மனைவி, அக்காதான்; நீங்கள் சமையலறைப் பக்கமே போகவில்லை. நான் பார்ப்பதை நீங்கள் பார்த்தீர்கள். பாக்கெட்டிலிருந்து கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக, அவசரமே இல்லாமல் மாட்டிக்கொண்டீர்கள்.

தண்ணீர் ஆகாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவர். சாமிக்கு விசா கேட்டவர். நான் கிளம்பிப் போன பிறகு, அந்தக் குளிரில் தனியாக நின்று, என் கருப்பணனிடம், உங்கள் சாமிகூட இல்லை, என் வீட்டுச் சாமியிடம், உங்கள் தாழியை ஆடாக நிறுத்தி உத்தரவு கேட்டிருக்கிறீர்கள்.

வாயைத் திறந்திருந்தால் போதும். "விரலைக் காட்டுங்க மச்சான்" என்று ஒரு வரி. அத்தனை பேர் முன்னால் நீங்கள் அன்றைக்கே முடிந்திருப்பீர்கள். நான் ஏன் சொல்லவில்லை? பெருந்தன்மை என்று உங்கள் தங்கை நினைத்துக்கொள்வாள், அவளுக்குத் தெரிந்திருந்தால். அது எல்லாம் இல்லை. உங்களுக்கு எதிராக வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. அதை ஒரே நாளில் கரியாக்க மனசு வரவில்லை. டம்ளரை எடுத்து என் ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"ஹேர் டிரையர் இருந்தாக் குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அதாவது தெரியுதே" என்றீர்கள். திமிர்!

நேரம் ஆகிறது என்று உங்களை உள்ளே கூப்பிட்டார்கள். குளிர் தாங்காமல் மற்றவர்களும் போய்விட்டார்கள். நான் மட்டும் முட்டி போட்டு உட்கார்ந்து, அக்காவின் ரோஸ் நிற ஹேர் டிரையரால் உங்கள் தாழிக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நண்பர் ஒருவர் உள்ளே உங்கள் மடியில் வைத்துப் பாப்பாவுக்குக் காது குத்தினார். கண்ணாடி வழியாக எல்லாருடைய முதுகும் தெரிந்தது. பாப்பா வீறிட்ட சத்தம் கேட்டது. அதுதான் என் மகளின் காது குத்து விசேஷத்தில் எனக்குக் கிடைத்தது. முதுகுகளும் ஒரு சத்தமும். இதற்காகவும் உங்களை மன்னிக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் துளி ஒன்று பனியில் சொட்டியது. இன்னொன்று. அப்புறம் நடந்ததைப் பார்த்தது நான் ஒருவன்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூடி திறந்தது. சிறு நெருப்பாகப் பற்றவைத்து, நீங்கள் வந்து, நான் தள்ளி நின்று, தொடை வெந்து இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தாழியின் தலையில் பனி உருகாமல் கிடந்தது, வயிற்றுக்குள் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு அடுப்பு. கறி எலும்பைவிட்டுத் தானாகக் கழன்று வந்தது. நான் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்டபோது, "பரவாயில்லீங்க" என்றேன்.

அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் 'கிரில் கழுவின மாப்பிள்ளை'. பிஸ்கட்டவேயில் நான் வீடு வாங்கிப் பால் காய்ச்சின அன்றைக்குக்கூட ஒருவர், "அடுப்பைக் கழுவிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். கதையைப் பரப்பியது நீங்கள்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மசாலா சேர்த்து. முதலில் நான் ஒரு குவளை தண்ணீர் ஊற்றியிருந்தேன். பிறகு ஒரு பக்கெட். கடைசியில் சோப்பு போட்டுத் தேய்த்திருந்தேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. நீங்கள் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்களுக்குக் காபியை அந்த டம்ளரில்தான் கொடுப்பேன். முதல்முறை கொடுத்தபோது உங்கள் கை நின்றது. டம்ளரைத் திருப்பி அடியைப் பார்த்தீர்கள். உங்கள் வீட்டுப் பெயர் வெட்டியிருந்தது. என்னைப் பார்த்தீர்கள். "சக்கரை போதுங்களா மச்சான்?" என்றேன். "போதுங்க" என்று குடித்தீர்கள். குடித்து முடித்து, அதே டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வந்திருந்தவர்களிடம் நான் கிரில் கழுவின கதையைச் சொன்னீர்கள். சொல்லிக்கொண்டே ஒரு கண்ணால் என்னைப் பார்த்தீர்கள். அப்படி ஒரு மனுஷரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இத்தனை வருடம் இப்படியே ஓடியது. நீங்களும் விடவில்லை, நானும் விடவில்லை.

பிறகு உங்களுக்கு உடம்புக்கு வந்தது. சீக்கிரமே எல்லாம் முடிந்துவிடும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உங்கள் தங்கையும் அக்காவும் காபி வாங்கக் கீழே போயிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. நாம் இருவரும் டிவியில் சத்தமில்லாமல் ஓடிய ஏதோ விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மாப்ள" என்றீர்கள். "உங்க கருப்பணன் இந்தப் பக்கமெல்லாம் வருவாருங்களா?"

என் வாய் என்னைக் கேட்கவில்லை. அத்தனை வருடக் கடுப்பு அதில் இருந்தது. "விசா கெடைக்கலீங்களாம் மச்சான்" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாக மாறி, நான் எழுந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நல்ல அடி என்று ஒத்துக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினீர்கள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். பனியைப் பார்த்தபடியே, "அந்த டம்ளரு இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டீர்கள்.

"இருக்குதுங்க."

"ம்."

அவ்வளவுதான். கதவு திறந்து உங்கள் தங்கை காபியோடு வந்தாள். உடனே உங்கள் குரலுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. "அம்மிணி, என்ற கிரில்ல மாப்ளகிட்டயே குடுத்துரு. கழுவ மட்டும் வேண்டாம்னு சொல்லு" என்றீர்கள். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கு எரிந்தது. சாகிற நேரத்திலும் கடைசிச் சொல் உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

இன்றைக்கு ஹேர் டிரையருக்குத் தாழி இரங்கிவிட்டது. ஓரத்தில் சிறு நெருப்பு, அடிக்கதவு விரல் நுழையும் அளவு, மூடியை முதலில் லேசாகத் தூக்கி ஒரு மூச்சு, எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் செய்தேன். எரிச்சலாக இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி எனக்குச் செய்யத் தெரியவில்லை. பாப்பா கோட்டை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் காதில் நீங்கள் போட்ட தோடு. அதைத்தான் போடுவாள், நான் வாங்கிக் கொடுத்தது பெட்டியில் தூங்குகிறது.

"அப்பா, டிட் யூ ரியலி வாஷ் இட்? வித் சோப்?"

"யாரு சொன்னா?"

"மாமா. லைக், எ மில்லியன் டைம்ஸ்."

அவள் முகத்தைப் பார்த்தேன். மாமா கதை சொல்லும்போது எப்படி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாளோ, அதே சிரிப்பு தயாராக நின்றது. "ஆமா, சோப்புப் போட்டுத்தான்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலம் உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டோம். தொடைக்கறி, சோறு, ரசம், உங்களுக்குப் பிடித்த பக்கோடா. தண்ணீர் வைக்க உங்கள் தங்கை அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தாள். அந்த டம்ளரேதான். நான் எடுத்துக் கொடுக்கவில்லை, சத்தியமாக. அவள் கைக்கு அதுதான் வந்தது. படத்தில் நீங்கள் வழக்கம்போல எனக்குப் புரியாத எதையோ புரிந்துகொண்ட முகத்தோடு இருந்தீர்கள்.

"அண்ணன்கிட்ட ஏதாச்சும் சொல்லிக் கும்புடுங்க" என்றாள்.

மூன்று பேரும் கைகூப்பி நின்றோம். காது குத்தின அன்று காலை பின்பக்கத்தில் நான் மட்டும் பார்த்தது எனக்குள் மேலே வந்தது. மஞ்சள் துளி சொட்டச் சொட்ட, திடீரென்று மூடி ஒரு உதறு உதறியது. உச்சியிலிருந்து மூன்று கால்வரை, தாழி மொத்தமும், ஈரத்தை உதறுகிற ஆட்டைப் போலவே. பனி அதன் தோளிலிருந்து சிதறி என் முகத்தில் விழுந்தது. மூடியின் கீலில் இருக்கும் ஸ்பிரிங் விடுபட்ட இழுப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். எத்தனையோ கெடாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். கேட்டது நீங்கள், பதில் வந்தபோது நீங்கள் உள்ளே என் மகளை மடியில் வைத்திருந்தீர்கள்.

"என்னங்க, பேசாம நிக்கறீங்க?" என்றாள் உங்கள் தங்கை.

நான் "உப்பு கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், அனுசரிச்சுக்குங்க மச்சான்" என்று சத்தமாகச் சொன்னேன். பாப்பா களுக்கென்று சிரித்தாள்.

அன்னிக்கு அது குலுங்குச்சுங்க மச்சான்.